மஞ்சள் வயரும் அண்ணியின் சாக்பீஸ் கோடும்

எங்கள் அண்ணி கேபிள் இணைப்புக் கொடுக்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், டிவி எங்கே என்று கேட்க மாட்டார். "நீங்க எங்க உக்காந்து பாப்பீங்க?" என்றுதான் கேட்பார். வீட்டுக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அண்ணி அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. இணைப்பைக் கொடுத்து, டிவியை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடப்பார். படத்திலிருக்கும் புள்ளி புள்ளியான சொரசொரப்பு எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அங்கே நின்று, இடுப்புப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஒரு கோடு போடுவார்.

"நாற்காலிய இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டுக்கங்க. இதுக்கு மேல கிட்டப் போனா டிவியத் திட்டுவீங்க, அப்புறம் என்னைத் திட்டுவீங்க."

இப்படி எத்தனை வீட்டு சோபாக்களை நகர்த்தியிருப்பாரோ! கேபிள் கொடுக்க வந்த பொம்பளை வீட்டையே மாற்றிவிட்டுப் போய்விட்டாள் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தச் சண்டைகளைப் போனில் வாங்கிக்கொண்டு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. நான் அவருக்கு நாத்தனார். எங்கள் கேபிள் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகப் போன் எடுக்கிறேன். வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. யார் வைத்தது என்று கேட்காதீர்கள், எல்லோரும் சேர்ந்துதான் வைத்தார்கள்.

தொழிலை ஆரம்பித்தது என் அண்ணன். ஆனால் அண்ணனுக்கு ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். மாடி மாடியாக வயர் இழுக்கிற தொழிலுக்கு எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள்! கல்யாணமான இரண்டாவது மாதம், வேலையாள் வராத ஒரு நாளில், அண்ணி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து ஏணி அண்ணிக்கு, கட்டுப்பாட்டு அறையும் டீக் கெட்டிலும் அண்ணனுக்கு. இது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அண்ணன் டீ நன்றாகத்தான் போடுவார், அதில் பொய் சொல்லக்கூடாது.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். படத்தில் விழுந்த கீறல், முகப்பரு, கசங்கிய சட்டைக் காலர் எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்யும் வேலை. மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தால் எந்தப் படத்திலும் பூச்சு தெரியும், எத்தனை அடி தள்ளி நின்றால் தெரியாது என்று பார்ப்பதுதான் அங்கே தினசரிப் பாடு. சாக்பீஸ் கோடு அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு மணிச் செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு மச்சம். ஒரு வீட்டில் இணைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கு இந்தச் சில வருடமாக அண்ணி வைத்திருக்கும் பரீட்சை அதுதான். அன்று சாயங்காலம் போன் போட்டு, "மச்சம் தெரியுதா?" என்று கேட்பார். தெரிகிறது என்றால் வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால் மறுநாள் காலையில் ஏணி அந்த வீட்டு வாசலில் நிற்கும்.

இப்போது எங்களுக்கு வந்த வினையைச் சொல்கிறேன். எங்கள் இணைப்புகளில் முக்கால்வாசி ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒன்பது மாடி, இருநூற்றுப் பதினாறு வீடு. அதற்கு எதிரிலேயே போன வருடம் ஒரு டிவி ஷோரூம் திறந்தார்கள். கண்ணாடிச் சுவர் முழுக்கப் பெரிய பெரிய டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி ஓடும். கிளியின் ஒவ்வொரு இறகையும் எண்ணி எடுக்கலாம் போலத் தெரியும். சாலையில் போகிறவர்கள் நின்று வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்தேன், ஏன் மறைக்க வேண்டும்? ஷோரூம்காரர் நல்ல உயரம், பளபளவென்று ஷூ, வாயைத் திறந்தால் எட்டு கே, அதாவது படத்தில் அத்தனை நுணுக்கமான புள்ளிகளாம். நாலு கேவெல்லாம் பழசு மேடம், இனிமேல் எட்டு கேதான் என்பார். நான் அவருக்கு எட்டு கே என்றே பெயர் வைத்துவிட்டேன்.

கட்டடத்தில் வீட்டுக்கு வீடு கதவு அகலத்துக்குப் புது டிவி வந்து இறங்கியது. அடுத்த வாரமே எனக்குப் போன் மழை.

"உங்க கேபிள்ல என்னம்மா கோளாறு? புது டிவியில மனுஷ மூஞ்சியெல்லாம் களிமண்ணா இருக்கு!"

"கடையில கிளி அப்படித் தெரிஞ்சுதே, வீட்டுல ஏன் தெரியல?"

"கிளி எங்க சேனல்ல வர்றதில்லைங்க" என்று நான் சொன்னது சரியான பதில்தான். ஆனால் சொன்ன தொனி சரியில்லை என்று அண்ணன் சொன்னார்.

எட்டு கே எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடினார். டிவி மேல் குற்றமில்லை, கேபிள் சிக்னல் பழசு. பாடியதோடு விட்டாரா? கட்டடத்து நலச் சங்கத்துக்கே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். எட்டு கே டிவி வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் வேறொரு கம்பெனியின் டிஷ் இலவசம். எங்கள் கேபிளை வெட்டி, சுவரில் ஓடும் வயரையெல்லாம் உருவி எடுத்துவிட வேண்டும். சங்கச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டார். கை தூக்கி முடிவெடுப்பார்களாம். அவரை எல்லோரும் மினிட்ஸ் சார் என்பார்கள். பக்கத்தில் யாராவது தும்மினாலும் நோட்டில் எழுதி வைக்கிற மனிதர்.

அந்தக் கட்டடம் போனால் நாங்கள் கட்டுப்பாட்டு அறையைப் பூட்டிச் சாவியை எங்கேயாவது எறிந்துவிட்டுப் போக வேண்டியதுதான். அண்ணன் அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்தார். அண்ணி மட்டும் சாக்பீஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பட்டாசு, கம்ப்ளெயின்ட் பண்ணவங்கள்ல ரொம்பக் கோவமா பேசினது யாரு?"

"மூணாவது மாடி கணக்கு டீச்சர். என்னையே அழவிட்டுட்டாங்க."

"அப்ப அங்கதான் போகணும். நீயும் வா."

வியாழக்கிழமை மதியம் போனோம். டீச்சர் கதவைத் திறந்ததும் நேராக டிவியைக் காட்டினார். "நீங்களே பாருங்க. இது மூஞ்சியா, மாவு உருண்டையா? வாங்கி மூணு மாசம் ஆகல. என் பழைய டிவியே தேவலாம் போல இருக்கு."

அண்ணி வழக்கம்போல் டிவியைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். சோபாவைத் தாண்டினார். சாப்பாட்டு மேஜையைத் தாண்டினார். சமையலறை வாசலில் முதுகு இடித்து நின்றார். சாக்பீஸ் கையிலேயே இருந்தது. சொரசொரப்பு போகவே இல்லை.

"இது தூரத்துனால வர்ற கோளாறு இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு டிவியின் முதுகுப் பக்கம் தலையை நுழைத்தார். பிறகு உள்ளேயிருந்தே கேட்டார். "டீச்சர், எங்க கேபிள் பெட்டியோட ஒரு கறுப்பு வயர் வந்திருக்குமே, ரெண்டு முனையும் தட்டையா? எச்டிஎம்ஐன்னு சொல்வாங்க."

"அதுவா? பத்திரமா வச்சிருக்கேனே!"

டீச்சர் பீரோவைத் திறந்து, அடுக்கிய துணிகளுக்கு அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு வயரை எடுத்து வந்தார். "உங்க ஆபீஸ்ல போன்ல சொன்னாங்க. அது உபரி வயர், இப்ப வேணாம், பீரோல துணிக்கு அடியில பத்திரமா வைங்கன்னு. நான் சொன்னா சொன்னபடி செய்யற ஆளு."

பூமி பிளந்து என்னை அப்படியே விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. சொன்னது நான்தான்.

நடந்தது இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் பழைய பெட்டியை எடுத்துவிட்டு, துல்லியமான படம் தருகிற எச்டி பெட்டி கொடுத்தோம். அந்த மாதம் பார்த்து அண்ணி படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இரண்டு ஆட்களை அனுப்பி மூன்றே நாளில் கட்டடம் முழுக்க மாட்டச் சொன்னது நான். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்று எல்லோரும் பெட்டியை அலமாரி உச்சியில் வைத்திருந்தார்கள். தட்டை வயர் குட்டை, அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. ஆட்கள் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று கொண்டை வைத்த நீள வயரையே மாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வயர் மிச்சம் இருக்கிறதே என்று வீட்டுக்கு வீடு போன் வந்தது. உபரி, பத்திரமா வைங்க, உபரி, பத்திரமா வைங்க என்று இருநூறு தடவை நானே சொன்னேன். மச்சத்தைப் பற்றி ஒருத்தரையும் கேட்கவில்லை.

அப்போது எல்லோரிடமும் சின்ன டிவி. தள்ளி உட்கார்ந்து பார்த்தார்கள், குறை தெரியவில்லை. இப்போது அதே மங்கல் படத்தைக் கதவு அகலத்துக்கு இழுத்து விரித்தால் களிமண்ணாகத்தானே தெரியும்? டிவி பெரிதாகப் பெரிதாக, எட்டு கே ஆக ஆக, என் முட்டாள்தனம்தான் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. ஷோரூம் ஆட்களும் பழைய டிவியிலிருந்து மூன்று கொண்டையைப் பிடுங்கி அப்படியே புது டிவியில் செருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கே போயிற்று புத்தி? சரி, அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

அண்ணி பெட்டியைக் கீழே இறக்கி, டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தட்டை வயரை மாட்டினார். மாவு உருண்டை முகமாகிவிட்டது. டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணி நாலு அடி பின்னால் வந்து கோடு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரைக்கும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டீச்சருக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று முகத்திலேயே தெரிந்தது.

படி இறங்கும்போது அண்ணி மாடிக்கு எத்தனை வீடு என்று எண்ணிக்கொண்டே வந்தார். திட்டினால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

"அண்ணி, நாளைக்கே ஆளுங்கள அனுப்பி எல்லா வீட்டுலயும் சத்தமில்லாம மாத்திடலாம். எதுக்கு வெளிய சொல்லணும்?"

"சத்தமில்லாம மாத்தினா, 'ஷோரூம்காரரு மிரட்டினாரு, கேபிள்காரங்க சிக்னல ஏத்திவிட்டாங்க, இத்தனை வருஷம் அமுக்கி வச்சிருந்தாங்க'ன்னு பேசுவாங்க. அது இல்லையே நடந்தது? நடந்ததச் சொல்லணும். சொன்ன பிறகும் வெட்டணும்னு கை தூக்கினா தூக்கட்டும்."

"நம்ம வாயாலயே நம்ம தப்பச் சொல்லணுமா?"

"வேற யாரு வாயால சொல்றது?"

வெள்ளிக்கிழமை அண்ணி கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒன்பது விற்பனைச் சேனல்களைத் தூக்கிப் போட்டார். ஒரு பேருந்தில் அளவுக்கு மேல் ஆளை ஏற்றினால் எல்லோரும் நசுங்குவது மாதிரி, ஒரே அலைவரிசையில் சேனலை அடைத்தால் எல்லாப் படமும் கொஞ்சம் கொஞ்சம் நசுங்கும். அதுவும் நம் பக்கத்துக் குறைதான் என்றார். அண்ணன் பதறினார். "ஏய், யாராவது அதெல்லாம் பாத்துட்டு இருந்தா?"

"உங்க தங்கச்சி ஒருத்திதான் பாக்குறா. வீட்டுல ஏற்கெனவே நாலு காய் வெட்டுற மெஷின் இருக்கு, போதும்."

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துப் பொதுக்கூடத்தில் எள் விழ இடமில்லை. மேடையில் எட்டு கே ஒரு சுவரையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவ்வளவு பெரிய டிவி. பென் டிரைவைச் செருகினார், கிளி வந்தது. கூட்டம் 'ஆ' என்றது. கிளி சிறகை விரித்தது. கூட்டம் 'ஓ' என்றது. பிறகு ரிமோட்டை அழுத்தி எங்கள் கேபிளுக்கு மாற்றினார். களிமண்.

"பாத்தீங்கல்ல? டிவி அதே டிவி. நான் வேற என்ன சொல்லணும்?"

மினிட்ஸ் சார் அதையும் எழுதிக்கொண்டார். அண்ணி எழுந்து மேடைப் பக்கம் போனார்.

"தம்பி, அந்தக் கிளிப் படம் எவ்வளவு நேரம் ஓடும்?"

"நாலு நிமிஷம் மேடம்."

"எட்டு கேல வர்ற சேனல் ஒண்ணு காட்டுங்களேன்."

"இப்போதைக்கு இல்ல. வரும் மேடம், சீக்கிரம் வரும்."

"நீங்க குடுக்கற டிஷ்ல?"

"அதுலயும் இப்போதைக்கு... வரும்."

"அப்ப தினமும் நாலு நிமிஷம் பாக்குறதுக்கு இது ரொம்ப நல்ல டிவி" என்றார் அண்ணி. கூட்டம் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. டிவிக்குப் பின்னால் போய் டார்ச் அடித்து, மூன்று கொண்டை வயரைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினார்.

"இந்த வயரு பழைய காலத்து டிவிக்குச் செஞ்சது. இதுக்குள்ள இவ்வளவுதான் படம் போகும். நீங்க எவ்வளவு பெரிய டிவி வாங்கினாலும் வாசல் இவ்வளவுதான். ஷோரூம் ஆளுங்க இதத்தான் மாட்டியிருக்காங்க. ஆனா முதல்ல மாட்டினது அவங்க இல்ல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டுலயெல்லாம் இத மாட்டினது எங்க ஆளுங்க. தப்பு எங்களோடது."

எட்டு கே முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. "கேட்டுக்குங்க! அவங்களே ஒத்துக்கிறாங்க!"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, நான் எழுந்த வேகத்தில்.

"ஆளுங்க இல்ல, நான்! போன்ல உபரின்னு சொன்னவ நான்தான்! அண்ணி அப்போ கால் உடைஞ்சு கிடந்தாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. ஆனா வயரு உங்க வீட்டுலதான் இருக்கு. பீரோல, துணிக்கு அடியில! தூக்கிப் போடுங்கன்னு சொல்லல இல்ல? பத்திரமா வைங்கன்னுதானே சொன்னேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டாசு நமத்துப்போனதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கணக்கு டீச்சர் மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததை அப்போது அவிழ்த்துவிட்டார். "அந்தப் பொண்ணு சொல்றது நெசம்! என் வீட்டுல மாட்டியாச்சு! நான் பாத்துட்டேன்!"

அண்ணி அதற்குள் கூடத்து மூலையில் கிடந்த சங்கத்துப் பழைய டிவியை அண்ணனோடு சேர்ந்து மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். எட்டு வருடப் பழசு, புதியதில் பாதி அளவுகூட இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு பெட்டியை அதற்கு வைத்து, தட்டை வயர்களில் ஒன்றை அதற்கும், ஒன்றைப் புது டிவிக்கும் மாட்டினார். இரண்டிலும் ஒரே சேனல். அப்புறம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். பன்னிரண்டு அடியில் நின்று, குனிந்து, சாக்பீஸால் கூடத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"உங்க வீட்டு சோபா இவ்வளவு தள்ளித்தான் இருக்கும். இங்க வந்து நின்னு பாருங்க. எதுல படம் தெளிவு?"

வந்தார்கள், பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள், போட்டுப் பார்த்தார்கள். பெரிசு பெரிசாத்தான் தெரியுது, ஆனா தெளிவுன்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான் என்று ஒருவர் சொன்னார். அண்ணி தலையாட்டினார். "பெருசு வேணும்னா பெருசு வாங்குங்க, அது உங்க ஆசை. தெளிவுக்குன்னு எட்டு கே வாங்காதீங்க. படம் எட்டு கேல வர்றப்ப, நீங்களும் அவ்வளவு கிட்ட உக்கார்றப்ப வாங்கிக்கலாம்."

"அப்ப யாருக்குமே இது வேணாமா?" என்று எட்டு கே கேட்டார். குரலில் பழைய தெம்பில்லை.

அண்ணி கூட்டத்தில் தேடினார். ஏழாவது மாடியில் வீட்டு வரைபடம் போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். மடிக்கணினியை டிவியில் மாட்டி, இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்து, தலைமுடி அளவுக் கோடுகளைப் பார்த்து வேலை செய்கிறவள். "அந்தப் பொண்ணுக்கு நாலு கே எட்டு கே எல்லாம் வேணும் தம்பி. அவ கண்ணு கோடு கோடா பாக்குது. அவளுக்கு நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க." அந்தப் பெண் கையைத் தூக்கி, "எனக்கு வேணும்தான் அண்ணா, எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டாள்.

மணி ஆறே முக்கால். மினிட்ஸ் சார் மேஜையைத் தட்டினார். "வாக்கெடுப்புக்குப் போகலாமா?"

"இருபதே நிமிஷம் குடுங்க சார்" என்றார் அண்ணி. "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. பெட்டியக் கீழ இறக்குங்க, தட்டை வயர மாட்டுங்க, ரிமோட்டுல சோர்ஸ் பட்டன அழுத்தி மாத்துங்க. ஏழு மணிக்குச் செய்தி வரும். வாசிக்கிற அம்மாவோட இடது கண்ணுக்குக் கீழ பாருங்க. பாத்துட்டு வந்து கை தூக்குங்க."

கூடம் இரண்டு நிமிடத்தில் காலி. லிப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் படியில் ஓடினார்கள். மேலே பீரோக்கள் திறக்கிற சத்தமும், பெட்டிகள் இறங்குகிற சத்தமும், அந்தப் பக்கம் இல்லடா இந்தப் பக்கம் என்று யாரோ யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டன. நாங்கள் ஐந்து பேர் மட்டும் கூடத்தில் இருந்தோம். அண்ணி, அண்ணன், நான், எட்டு கே, மினிட்ஸ் சார். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று கைக்குட்டையைக் கொடுத்தார். அதில் டீ வாசனை அடித்தது.

ஏழு மணி. செய்தி இசை ஒன்பது மாடியிலும் ஒரே சமயத்தில் ஒலித்தது. அண்ணி ஜன்னலோரம் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

முதலில் நாலாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல் கத்தியது. "மச்சம்! அந்தம்மாவுக்கு மச்சம் இருக்குடோய்!"

எதிர்ப் பக்கத்து இரண்டாவது மாடி. "எங்க வீட்டுலயும் தெரியுது! எங்க வீட்டுலயும்!"

ஆறாவது மாடி. எட்டாவது மாடி. "இத்தன வருஷமா இத யாருமே பாக்கலையா?" "கண்ணுல மையிருக்கு, மையி!" "மைக்குல தூசி தெரியுதும்மா!" ஒரு பால்கனியிலிருந்து இன்னொரு பால்கனிக்கு, மாடிக்கு மாடி, மச்சம் மச்சம் என்று கட்டடமே கத்தியது. யாரோ தட்டைத் தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள். கணக்கு டீச்சர் மூன்றாவது மாடியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். "நூத்தி நாலு! நூத்தி அஞ்சு!" நான் அண்ணியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டேன். ஏணி ஏறி ஏறி இரும்பான உடம்பு, சுற்றுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது எனக்கு.

எட்டு கே தன் டிவியின் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். அண்ணி போய் இன்னொரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

"அக்கா" என்றார் எட்டு கே. அதுவரைக்கும் மேடம்தான். "எங்க பசங்களுக்கு அந்த வயரு விஷயத்த ஒரு நாள் வந்து சொல்லிக் குடுக்கறீங்களா?"

"வர்றேன் தம்பி. வரும்போது உங்க கடைத் தரையிலயும் ஒரு கோடு போடுவேன், பரவாயில்லையா?"

அவர் சிரித்துவிட்டார். பாவம், சிரிப்பு நல்ல சிரிப்புதான்.

இருபது நிமிடம் என்றது அரைமணி ஆனது. அரைமணி ஆனது. மினிட்ஸ் சார் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் இறங்கி வரவில்லை. செய்தி முடிந்து அடுத்த நிகழ்ச்சி ஆரம்பித்திருந்தது. மேலே ஒரு வீடு பாக்கியில்லாமல் டிவியின் நீல வெளிச்சம். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுந்து நின்று, இருநூறு காலி நாற்காலிகளையும் பார்த்து முறைப்படி கேட்டார்.

"கேபிளை வெட்ட வேண்டும் என்பவர்கள் கை தூக்கவும்."

கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மினிட்ஸ் சார் பேனாவைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். "வாக்களிக்க ஒருவரும் வரவில்லை. அனைவரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேபிள் தொடரும்." கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நோட்டை மூடினார். பிறகு என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி குனிந்தார்.

"அம்மா, எங்க வீட்டு வயர எங்க வச்சேன்னு ஞாபகம் வரல. செய்தி போயிடுச்சு, பரவாயில்ல, நாளைக்காவது பாக்கணும்."

"பீரோல ரெண்டாவது தட்டு, துணிக்கு அடியில பாருங்க சார்" என்றேன். "நான்தானே வைக்கச் சொன்னேன்."